பெயிண்ட் இன்னும் காயவில்லை

எங்கள் கார் பட்டறையில் அவரைத் தூசி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது, முதுகுக்குப் பின்னால் தாராளமாகச் சொல்வார்கள். முப்பத்தோரு வருடமாக அங்கே பெயிண்டர். அடிபட்டு நசுங்கி வருகிற வண்டியை டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால், பட்டி வைத்து, தேய்த்து, வர்ணம் அடித்து, அடிபட்டதே தெரியாமல் அனுப்புவது அவர் வேலை. உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு விரோதி உண்டு, அது தூசி. என்னைக் கேட்டால் இரண்டாவது விரோதி நான். என் அக்காவைக் கட்டியவர் அவர், எனக்கு அத்தான். அதே பட்டறையில் நான் வயரிங் வேலை பார்க்கிறேன். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

பட்டறையின் பின்பக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டால் நாலு பக்கமும் மறைத்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் அவருடைய பூத். உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை டியூப் லைட். வர்ணம் அடிப்பதற்கு முன்னால் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார், தூசி எழும்பக்கூடாதாம். குளித்துவிட்டு வருவார். தலையில் பழைய பனியன் துணியை இறுகக் கட்டிக்கொள்வார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் தும்மக்கூட முடியாது. முதலாளியே அந்த நேரத்தில் பூத்தைச் சுற்றிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போவார்.

ஒரு தடவை ஒரு வக்கீல் தன் வண்டியை எடுக்க நாலு நாள் தொடர்ந்து வந்தார். நாலு நாளும் அத்தான், காயவில்லை என்றே திருப்பி அனுப்பினார். ஐந்தாம் நாள் வக்கீல் பொறுமை இழந்து கதவைத் தொட்டுப் பார்த்து, நன்றாகத்தானே காய்ந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். அத்தான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உங்களுக்குக் காஞ்சிருக்கு சார். எனக்குக் காயல" என்றார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தோம். அந்த வண்டியில் என்ன குறை என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரே பையன். பெயர் எதுவாக இருந்தாலும் வீட்டில் பெரியவன்தான். பின்னால் ஒரு சின்னவன் வருவான் என்று நம்பி வைத்த பெயர். சின்னவன் வரவேயில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெரியவன் ஒரு கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் விலாசம் அடிப்பான். சனி ஞாயிறு சாயங்காலம் ஒரு ஹோட்டலில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவில் பேஸ் கிட்டார். கனமான நாலு கம்பி, அடித் தொண்டையில் பேசுகிற சத்தம். சாப்பிட வருகிறவர்கள் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள், பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் மாமா எனக்குப் பிடிச்சிருக்கு என்பான் என்னிடம். அவன் வாசித்த பேஸ் அவனுடையது இல்லை. குழுத் தலைவருடையது. வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இருபத்தாறு வயதில் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று முடிவு பண்ணினான். முழுதாகச் செய்ததை வாங்காமல், பாகம் பாகமாக வருகிற கிட் ஒன்றை வரவழைத்தான். பெட்டி வந்த அன்று என்னையும் கூப்பிட்டான். செதுக்கிய மர உடல் ஒன்று, வர்ணம் பூசாமல் வெறும் மரமாக. நீளமான கழுத்து, அதில் குறுக்காக உலோகக் கட்டுகள். கம்பியை முறுக்க நாலு சாவி, கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப், ஒரு பிளாஸ்டிக் பையில் திருகாணிகள், தனி உறையில் கம்பிகள். கழுத்தின் நுனி மட்டும் வெட்டாமல் வெறும் சதுரமாக இருந்தது. அவரவர் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளலாமாம். பெரியவன் அதில் பென்சிலால் கோடு போட்டு, சின்ன ரம்பத்தால் வளைத்து வளைத்து அறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அரம் வைத்து ராவினான். வயரிங் என் பொறுப்பு என்றேன். கார் ஹாரனுக்கு வயர் கொடுக்கிறவனுக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மூன்று குமிழுக்கு வயர் கொடுப்பதா பெரிய வேலை?

இரண்டாவது வாரம் அவன் இடது கையில் பிடித்திருந்த கழுத்து நழுவி விழுந்தது. எடுத்தான், மறுபடியும் விழுந்தது. அப்போதுதான் சொன்னான், ஆபீஸிலும் சில நாளாக இடது கைச் சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை உள்வாங்கிப் பள்ளமாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, வேலை ஜாஸ்தி, சரியாகத் தூங்கு என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?

அக்கா மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மருந்துப் பெயரை வைத்தே நோயைப் பிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரை எழுதியதுமே அவள் முகம் செத்துவிட்டது. நரம்பு நோய். முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை, கால், கடைசியில் மூச்சு. நிறுத்த வழியில்லை, கொஞ்சம் தள்ளிப்போடலாம். டாக்டர் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். இடது கை எவ்வளவு நாள் தாங்கும் என்று பெரியவன் கேட்டான். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவன், பேஸை முடித்துவிட வேண்டும் என்றான். மற்றதெல்லாம் பிறகு. தன்னுடையது என்று ஒன்றை வைத்து, கை இருக்கும்போதே வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. பேஸில் கம்பியை அழுத்துவது இடது கைதான். வெறும் மரத்துக்கு எண்ணெய் தேய்த்தால் போதும், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தான். அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"பெயிண்டர் பிள்ளை வெறும் மரத்த வச்சிட்டு வாசிப்பானா? குடு, நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த மனிதர் பேசிய முதல் பேச்சு அது. யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பெரியவன் சிரித்துக்கொண்டே மர உடலை எடுத்துக் கொடுத்தான். கழுத்து மட்டும் வீட்டிலேயே இருந்தது, அதற்கு எண்ணெய் போதும். உடலை ஒரு பழைய போர்வையில் சுற்றி அத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

முதல் மாதம் நான் குறையே சொல்ல மாட்டேன். மரத்தின் கண்களை அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, கரும்பச்சை நிறம் ஒன்றை அவரே கலந்தார். பட்டறையில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்மேல் பளபளப்புக்குக் கிளியர் அடித்தபோது அங்கங்கே சின்னச் சின்னக் குழியாக விழுந்தது. யாரோ வண்டி டேஷ்போர்டுக்கு அடித்த பாலிஷ் காற்றில் பறந்து மரத்தில் ஒட்டியிருக்கிறது. அது மேலே பட்டால் எந்த வர்ணமும் ஒதுங்கி ஓடும். பெயிண்டர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். சரி, நியாயம்தான்.

இரண்டாம் தடவை நன்றாக வந்தது. காயும்போது ஒரு கொசு வந்து உட்கார்ந்துவிட்டது. கொசு என்றால் கொசுகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சி, அதுவும் பின்பக்கத்தில், வாசிக்கிறவன் வயிற்றில் படுகிற இடத்தில். வாட்டர் பேப்பர் வைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பத்து நிமிட வேலை. அவர் முழுவதையும் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது மாதம் முடிந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டறை நடுவில் நின்றுதான் கத்தினேன், அத்தனை பேர் முன்னால். வீட்டில் ஒருத்தன் கை தாங்குகிற நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கிற வாயா? "பெத்த பிள்ளையவிட உங்களுக்குப் பெயிண்ட் பெருசாப் போச்சு" என்றேன். அத்தான் கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. இனிமேல் என் பூத்துக்குள் கால் வைக்காதே என்றார். நானும் ரோஷக்காரன். இனிமேல் உங்களிடம் ஒரு வார்த்தை பேசினால் கேளுங்கள் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே கொட்டகை, நடுவில் இருபதடி தூரம். அவருக்கு என்னிடம் வேலை என்றால் டிங்கரிடம் சொல்வார், அந்த வயர்காரன்கிட்ட சொல்லு, இந்த வண்டி பின் லைட்டைக் கழற்றணும் என்று. நான் டிங்கரிடம் சொல்வேன், கழற்றியாச்சு என்று சொல்லு. டிங்கருக்கு ஏற்கெனவே சுத்தியல் சத்தத்தில் ஒரு காது மந்தம். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கத்திக் கத்தி, என்னைப் பார்த்தால் போஸ்ட்மேனாட்டம் இருக்கா என்று ஒரு நாள் சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தமாஷாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தான் அன்றைக்கும் பட்டறையில்தான் இருப்பார். ஆள் நடமாட்டம் இல்லை, தூசி இல்லை என்று காரணம். அக்கா உள்ளே வேலையாக இருப்பாள். பெரியவன் கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கழுத்தை மட்டும் மடியில் வைத்திருப்பான். கம்பி இல்லாத வெறும் கழுத்து. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பரீட்சை உண்டு. கூரியர் ரசீதுக் காகிதத்தை நாலு சின்னச் சீட்டாகக் கிழிப்பான். கழுத்தின் மேல் ஒவ்வொரு விரலுக்கும் அடியில் ஒரு சீட்டை வைத்து அழுத்துவான். நான் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும். சீட்டு வராமல் நின்றால் அந்த விரலுக்கு இன்னும் பலம் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் கழுத்தைப் பிடித்தே அவன் தினமும் பயிற்சி பண்ணிக்கொண்டிருந்ததால், சுண்டுவிரல்கூட நாங்கள் பயந்த அளவுக்குப் போகவில்லை. நான் பேச்சை நிறுத்திய அடுத்த ஞாயிறு, நாலு சீட்டும் நின்றன. சுண்டுவிரலின் கீழே இருந்த சீட்டு கிழிந்தே வந்தது.

பெரியவன் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினான். "அப்பாகிட்ட சொல்லுங்க மாமா. நாலு விரலும் இன்னும் வருது, பெயிண்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்ல, குடுத்துடச் சொல்லுங்க."

நீயே சொல்லேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அந்த வீட்டில் கையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார். சாப்பிடும்போது பெரியவன் இடது கையிலிருந்து கரண்டி நழுவினால் பார்க்காத மாதிரி தண்ணீர் எடுக்கப் போவார். அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள், அவள் வாயைத் திறக்கும்போதே அவர் காலில் செருப்பு ஏறியிருக்கும். பட்டறையில் வேலையாக நிற்கும்போது நான் சொன்னால்தான் ஓட முடியாமல் கேட்பார் என்று பெரியவன் நினைத்தான். நான் சரி என்றேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். பூத் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே அவர் முதுகு தெரிந்தது. கால் வைக்காதே என்று சொன்னவர் முன்னால் நானாகப் போய் நிற்பதா என்று தோன்றியது. அவராக ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் சொல்லலாம். டிங்கரிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், இது ஊர் வாயில் போட்டு மெல்கிற விஷயமா? சாயங்காலம்வரை அப்படியே ஓட்டிவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுவதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை, நானும் போகவில்லை. என் ரோஷத்தின் எடை அவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை பெரியவன் கேட்டான், சொன்னீங்களா மாமா என்று. சொல்லிட்டேன் என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. திங்கட்கிழமை எப்படியும் சொல்லத்தான் போகிறோம் என்று மனதுக்குள் சமாதானம் பண்ணிக்கொண்டேன். அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். பார்க்கலாம் என்றார் என்றேன். அவன் சீட்டுகளைக் கிழிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்டதேயில்லை.

திங்கள் வந்தது. எத்தனையோ திங்கள் வந்தது. சொன்னதாகச் சொல்லிவிட்ட பிறகு, போய்ச் சொல்ல இன்னும் கஷ்டமாகிவிட்டது. நாலாவது மாதத்தின் கடைசியில் சுண்டுவிரல் சீட்டு நழுவி வந்தது. நான் மெதுவாக இழுத்துப் பார்த்தேன், இழுக்காத மாதிரி இழுத்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது. ஐந்தாவது மாதம் மோதிர விரலும் போனது. பேஸ் வாசிக்க ரெண்டு விரல் போதும் மாமா, பெரிய ஆட்களே ரெண்டு விரல்லதான் ஓட்டுவாங்க என்றான். உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே நடுவிரல் தடுமாறியது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும், பூத்துக்குள் நுழைந்து அந்தப் பேஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது. மத்தியான நேரம், கொட்டகையில் ஆள் இல்லை. பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கினேன்.

எல்லா டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் ஸ்டாண்டின் மேல் கரும்பச்சை உடல் கிடந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. முதலாளி வீட்டு வண்டிக்குக்கூட அவர் அப்படி அடித்ததில்லை. அலை இல்லை, குழி இல்லை, பூச்சி இல்லை, விளக்கின் கோடு நேராக விழுந்திருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்து, சாய்த்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். எவ்வளவு நாளைக்கு முன்னால் அடித்ததோ, கல்லாகக் காய்ந்திருந்தது. அத்தான் ஒரு வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாட்டர் பேப்பரை நனைத்து, அந்தக் குறையில்லாத மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலை ஏற்கெனவே மங்கி வெள்ளையாகியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அத்தான், என்ன பண்றீங்க என்று கேட்டேன். ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கையில குடுத்தா, வாசிக்க முடியலன்னு அவனுக்கே தெரிஞ்சு போயிடும் மாப்ளே. இங்க இருக்கிற வரைக்கும், பெயிண்ட் காயலன்னு சொல்லிக்கலாம்."

அவர் மூன்றாம் மாதமே முடித்துவிட்டாராம். நான் கத்தினேனே, அதற்கு அடுத்த வாரமே. மறுநாள் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனால் பெரியவன் இடது கையிலிருந்து தண்ணீர் டம்ளர் விழுந்து உடைந்ததாம். அவ்வளவுதான், கை போய்விட்டது, இனிமேல் கொடுத்து என்ன, கொடுத்தால் நாமே அவன் கையை அவனுக்கு முறித்துக் காட்டின மாதிரி ஆகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து தேய்ப்பது, அடிப்பது, காய விடுவது, தேய்ப்பது. இதைப் போய் வீம்பு என்று நான் நினைத்தேன். நாலு விரலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் அவை. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. ரோஷத்தால் சொல்லாதவன் அன்றைக்குக் கோழைத்தனத்தால் சொல்லவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஈரத்தைத் துடைத்து உடலைப் போர்வையில் சுற்றினேன். போதும் அத்தான், இப்படியே கொண்டுபோவோம் என்றேன். அவர் தடுக்கவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு என் பின்னால் நடந்து வந்தார்.

வீட்டில் பெரியவன் பாயை விரித்து உட்கார்ந்தான். கழுத்தை உடலின் பள்ளத்தில் பொருத்தினால் இறங்கவில்லை. அத்தனை தடவை அடித்த வர்ணம் பள்ளத்தின் ஓரத்தில் ஏறிப் பள்ளத்தையே குறுக்கிவிட்டிருந்தது. கத்தியால் சுரண்டினேன். கரும்பச்சை, அதன் கீழே பிரைமர், அதன் கீழே மறுபடி கரும்பச்சை என்று சுருள் சுருளாக வந்தது. அத்தான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் ஒரு கீறல் விழாமல் காத்த மனிதர், நான் கத்தியால் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பெரியவன் சொல்லச் சொல்லத் திருகாணிகளை முடுக்கினேன், வயர்களைப் பற்றவைத்தேன், கம்பிகளை மாட்டி முறுக்கினேன். அவன் வலது கையால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்பான், போதும் என்பான். சாயங்காலம் அக்கா கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரும்போது பேஸ் முழுசாகி அவன் மடியில் இருந்தது. ஹோட்டல் குழுவிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய ஸ்பீக்கரை இழுத்துப் போட்டு வயரைச் செருகினேன்.

அவன் இடது கையை வலது கையால் தூக்கிக் கழுத்தில் வைத்தான். ஆள்காட்டி விரலைக் கம்பியின் மேல் வைத்து அழுத்தி, வலது கட்டைவிரலால் தட்டினான். டொப்பென்று ஒரு சத்தம், செத்த சத்தம். கம்பி கட்டையைத் தொடவே இல்லை. மறுபடி அழுத்தினான், கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினான். டொப். நடுவிரலையும் சேர்த்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தினான். ஒரு நொடி சுரம் கிளம்பியது. அவன் முகம் நிமிர்வதற்குள் விரல் வழுக்கிவிட்டது. அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

பெரியவன் அழவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டான், சாதாரணமாகத்தான் கேட்டான், பல நாளாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டால் என்ன என்கிற மாதிரி.

"மாமாகிட்ட சொல்லி அனுப்பினேனேப்பா. நாலு விரலும் வருது, குடுத்துடுங்கன்னு. ஏம்ப்பா குடுக்கல?"

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. எப்போது என்றார். பெரியவன் சொன்னான், ரெண்டு மாசம் இருக்கும், நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்களாமே. அத்தான் வாசல்படியிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார். பெரியவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து எந்தக் குறையும் தப்பியதில்லை என்று பட்டறையில் சொல்வார்கள்.

"நாலு விரலும் வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

வந்தது அத்தான் என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே மாப்ளே, அன்றைக்கே கொடுத்திருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா என் சட்டையைப் பிடித்து, ஏண்டா சொல்லல, ஏண்டா சொல்லல என்று உலுக்கினாள். ரெண்டு மாதமாக, தன் கை வருவது தெரிந்தும் அப்பா கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் அதே வீட்டில் அவரோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறான். அப்படி நினைக்க வைத்தவன் நான். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

பெரியவன் ஸ்பீக்கரின் குமிழைக் கடைசிவரைக்கும் திருகினான். இடது கையை எடுத்து மடியில் போட்டுவிட்டான். விரலே வைக்காமல், தடித்த மேல் கம்பியை வலது கட்டைவிரலால் அடித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுபடி அடித்தான். அந்த ஒரே கம்பியை, அந்த ஒரே சுரத்தை, நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்தும்வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தான்.